பாலம் என்றால் எந்தப் பாலம்?

புத்தூர், திருச்சி
மார்ச் 19

அன்பு மகள் தமிழ்மணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் மட்டும் வலிக்கிறது, அதுவும் நான் கடைக்குப் போகச் சொல்லும்போது மட்டும். கால்கரியில் பனி குறைந்ததா, நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று பதில் போடு. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய், நான் கட் பண்ணுவேன், பன்னிரண்டு நாளாக அப்படித்தானே இருக்கிறோம். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் அப்பா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், ஆகையால் அவரைப் பற்றி நல்லதாகவே எழுதப் பார்க்கிறேன்.

நம் ஸ்கூல் யூனிஃபார்ம் தையல் யூனிட்டுக்கு கிளவுட் சாஃப்ட்வேர் போட்டே ஆகவேண்டும் என்று நீதான் தை மாதம் முழுக்க நச்சரித்தாய். நானும் சரி என்றேன். அந்த கம்பெனியிலிருந்து இக்ரா என்று ஒரு பெண்ணை அனுப்பினார்கள். இருபத்தேழு வயது, அமைதியான பெண், சுடிதாருக்கு மேல் பெரிய பையொன்று மாட்டிக்கொண்டு வந்தாள். வந்த அன்றே, "ஸ்கூல் திறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் முடிக்க முடியாது மேடம். ஒண்ணே ஒண்ணை ஒழுங்காப் பண்ணலாம். முதல்ல எதைப் பண்றதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றாள். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். கஷ்டம் மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தது. இக்ரா ஆளுக்கு ஒரு மஞ்சள் சீட்டு கொடுத்து, முதலில் என்ன வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னாள். அப்பா பதினோரு சீட்டு ஒட்டினார். கைலாசபுரத்தில் அவ்வளவு பெரிய ஃபேக்டரியில் முப்பத்து மூன்று வருஷம் ஃபோர்மேனாக இருந்தவருக்கு ஒரு சீட்டு எப்படிப் போதும். பதினொன்றிலும் ஒரே விஷயம்தான், முதலாளிக்கு போனில் கலர் கலராக கிராஃப் தெரிய வேண்டும். முதலாளி நான். போன் அவருடையது. பேக்கிங் மயிலம்மாள் நெடுநேரம் யோசித்து, நாக்கை மடித்துக்கொண்டு, "ஃபேன்" என்று எழுதினாள். அயர்ன் மேஜைக்கு மேலே உள்ள ஃபேன் ஒரு வருஷமாக ஓடவில்லை. இது சாஃப்ட்வேரில் வராது என்று நான் சொல்ல வாயெடுக்கும்முன், இக்ரா அதை மரியாதையாக வாங்கி எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டிவிட்டாள். அப்பாவுக்கு ரோஷம் வந்து அன்று சாயங்காலமே கண்டென்சர் வாங்கிவந்து மாற்றிவிட்டார். முதல் நாளில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான்.

நீயும் உன் பங்குக்கு வீடியோ காலில் வந்து ஒரு படம் காட்டினாய். எத்தனை கட்டம், எத்தனை அம்புக்குறி! கட்டிங்கிலிருந்து வேன் வரைக்கும் ஒவ்வொரு துணிக்கட்டுக்கும் பார்கோடு ஒட்டினால் தப்பே நடக்காது, அதுதான் முதல் வேலை என்றாய். எனக்கு ஆர்டர் எழுதியதும் பில் வரைக்கும் தானாக ஓட வேண்டும், அதுதான் முதல் வேலை. அப்போதுதான் நீ, "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்றாய், நான் கட் பண்ணினேன். அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

மறுநாள் இக்ரா என்னிடம், "போன வருஷம் பெருசா எது மேடம் தப்பாப் போச்சு?" என்று கேட்டாள். யோசிக்கவே வேண்டாம், நானூறு சட்டை. உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ரயில்வே பாலத்துப் பக்கம் புதிதாகக் கிடைத்த ஸ்கூலுக்கு மெரூன் கட்டம் போட்ட சட்டை தைக்க வேண்டியது. நம் கட்டிங் மாஸ்டர் அழகிரி, ஸ்ரீரங்கத்தில் காவேரிப் பாலம் இறங்கியதும் இருக்கும் நம் பழைய ஸ்கூலின் நீலக் கட்டத்தை வெட்டிவிட்டார். பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு அந்தப் பிரின்சிபால் மேடம் போன் செய்தபோது எனக்குக் காது சூடாகிவிட்டது. ஸ்கூல் திறந்த அன்று பிள்ளைகள் கலர் டிரஸ்ஸில் போனார்கள். நான் பதினான்கு பேர் முன்னால் மாஸ்டரை, "கண்ணு தெரியலைன்னா வீட்டுல இருக்க வேண்டியதுதானே" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு சீட்டை நீட்டினார். நான் வாங்கிப் பார்க்கவில்லை. கத்திரியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வையம்பட்டிக்கு பஸ் ஏறிவிட்டார். பத்தொன்பது வருஷம் நம்மிடம் இருந்த மனுஷர்.

இதை இக்ராவிடம் சொன்னேன், என்னைப் பற்றிய பகுதியைக் கொஞ்சம் சுருக்கி. அவள் நம் ஸ்கூல் பெயர்களையெல்லாம் கேட்டாள். சுலபமான கேள்வி என்றுதான் தோன்றியது. நான் என் ஆர்டர் நோட்டைக் கொடுத்தேன், மயிலம்மாள் பேக்கிங் சீட்டுகளைக் கொடுத்தாள், அப்பா வேன் ரூட்டை எழுதித் தந்தார், சுவரில் தொங்கும் அட்டை பேட்டர்ன்களில் அழகிரி மாஸ்டர் எழுதிவைத்திருந்ததையும் இக்ரா குறித்துக்கொண்டாள். முப்பத்தொரு ஸ்கூலுக்கு நூற்று இருபத்து மூன்று பெயர் வந்தது. மயிலம்மாளுக்கு எல்லாம் கலர், கத்திரிப்பூ ஸ்கூல், பஞ்சுமிட்டாய் ஸ்கூல், துரு ஸ்கூல். மாஸ்டருக்கு அநேகமாக எல்லாம் காலர். எனக்கு ஆட்கள், சிரிக்காத மேடம், தங்கப்பல் சார். அப்பாவின் பட்டியலைப் படித்தபோது இக்ரா முதல் முறையாகச் சிரித்தாள். நாய் துரத்துற ஸ்கூல், ரிவர்ஸ் எடுக்க முடியாத ஸ்கூல், டீ கொடுத்த ஸ்கூல், டீ கொடுக்காத ஸ்கூல். துரு ஸ்கூலும் தங்கப்பல் சாரும் டீ கொடுக்காததும் ஒன்றேதான் என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆயிற்று. நடுவில் சண்டை வேறு. அவர்கள் டீ கொடுத்தார்கள், இவர்தான் சர்க்கரை இல்லையென்று குடிக்காமல் வந்தார் என்று மயிலம்மாள் அடித்துச் சொன்னாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் எல்லாவற்றையும் பொருத்தி முடித்தபோது இக்ரா, "மேடம், மத்த மூணு லிஸ்ட்லயும் முப்பத்தொண்ணு இருக்கு. உங்களோடதுல முப்பதுதான் இருக்கு" என்றாள். மற்ற மூன்றும் தப்பாக இருக்கும் என்று நான் சொன்னேன். அவள் வரிசையாக விரல் வைத்துக்கொண்டு வந்தாள். மயிலம்மாளிடம் நீலக் கட்டம் தனி, மெரூன் கட்டம் தனி. அப்பாவிடம் காவேரிப் பாலம் தனி, ரயில்வே பாலம் தனி. மாஸ்டரின் அட்டையில் ஆத்துப் பாலம், ரயில் பாலம் என்று இரண்டு ஆணியில் தனித்தனியாகத் தொங்கின. என் நோட்டில் மட்டும் பாலம் என்று ஒரே ஒரு வரி. பிறகு போன வருஷத்துச் சீட்டுகளைக் குத்திவைத்திருக்கும் கம்பியிலிருந்து ஒன்றை உருவி என் முன்னால் வைத்தாள். என் எழுத்து, என் பச்சை மை. "பாலம். 400. அவசரம்." அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக நான் பாலம் என்று எழுதினால் அது ஸ்ரீரங்கம்தான், மாஸ்டர் பின் எதை வெட்டுவார். புதுசு என்று வாயால் சொன்னதாக எனக்கு ஞாபகம், ஆனால் யாரிடம் சொன்னேன், எப்போது சொன்னேன் என்று தெரியவில்லை. இக்ரா பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். அப்பா எழுந்துபோய், நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பரிசோதித்தார்.

ஆக முதல் வேலை அதுதான் என்று முடிவாயிற்று. பில் இல்லை, கிராஃப் இல்லை, உன் பார்கோடும் இல்லை. ஒவ்வொரு ஸ்கூலுக்கும் போர்டில் உள்ள பெயர் ஒன்று, நம்பர் ஒன்று, துணியின் படம் ஒன்று, ஆர்டர் எழுதுகிறவர் அதிலிருந்துதான் எடுக்க முடியும், தன் இஷ்டத்துக்கு எழுத முடியாது. குறிப்பாக நான் எழுத முடியாது. இவ்வளவு சின்ன வேலைக்கா கிளவுட் என்று அப்பா கேட்டார். "இது தப்பா இருந்தா மேல வர்றது எல்லாமே வேகமாத் தப்பா நடக்கும் சார்" என்று இக்ரா சொன்னாள். அவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் நான் சாதிக்காதது.

ஆனால் எனக்கு இன்னொரு முதல் வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய் பஸ் ஏறினோம். மணப்பாறை வரும்வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். வையம்பட்டியில் மாஸ்டர் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கம்மா, வாங்க சார்" என்று கயிற்றுக் கட்டிலைப் போட்டார். நான் மழையைப் பற்றிப் பேசினேன், கடலையைப் பற்றிப் பேசினேன், பஸ் ஸ்டாண்டு தூரமாகப் போனதைப் பற்றி இரண்டு தடவை பேசினேன். அப்பா முழங்கையால் இடித்தார். பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். மாஸ்டர் கண்ணாடி போடாமலே பார்த்துவிட்டு, "இதைத்தானேம்மா அன்னைக்குக் காமிச்சேன்" என்றார். "தப்பு என்னோடது மாஸ்டர்" என்று சொன்னேன். ஒத்திகை பார்த்ததில் மிச்சம் எதுவும் வரவில்லை. அவர் மனைவி மாரியாயிதான் மோர்ச் சொம்போடு வந்து, "இதை ஆடியிலயே வந்து சொல்லியிருந்தா நான் பிழைச்சிருப்பேன். இந்த மனுஷன் டேப்பு வச்சு அளந்து பாத்தி கட்டுறாரு. வரப்பு கோணலாப் போனா பிரிச்சுத் திரும்பக் கட்டுறாரு. கூலிக்கு வர்ற பொம்பளைங்கல்லாம் சிரிக்குதுங்க" என்றாள். மாஸ்டரும் சிரித்தார். ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. பஸ் ஏற்றிவிடும்போதுதான், "பதினாலு பேரு கேட்டாங்கம்மா" என்றார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை டீ நேரத்தில் மெஷினையெல்லாம் நிறுத்தச் சொல்லி, அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் சொன்னேன். தப்பாக எழுதியது நான், திட்டு வாங்கியது மாஸ்டர் என்று. மயிலம்மாள், "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றாள். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்ட யாருக்கா சொல்றது" என்றாள். தமிழ்மணி, அந்த வார்த்தை இன்னும் என் நெஞ்சில்தான் நிற்கிறது. நீ போனில் குறுக்கே பேசுவது ஏன் என்றும் கொஞ்சம் புரிந்தது. வேறு எப்படிப் பேசினால் நான் கேட்கப்போகிறேன். அன்று உன் பேச்சைக் கட் பண்ணியதும் என் தப்புதான், எழுதிவிட்டேன், இதை அப்பா படம் எடுக்கும்போது படிப்பார், படிக்கட்டும்.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்கு மாஸ்டர் வந்தார். நான் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டதை மயிலம்மாள் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். நேரே இக்ரா பக்கத்தில் உட்கார்ந்து முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, இரண்டில் துணிப் படம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார். அடுத்து என்ன பண்ணலாம் என்று அவள் கேட்டதற்கு, ஒவ்வொரு துணிக்கட்டுக்கும் ஒரு நம்பர் ஒட்டினால் எது எங்கே கிடக்கிறது என்று தெரியும் என்றார். அதாவது உன் பார்கோடு. இரண்டாவதாக வருகிறது. ரொம்ப ஆடாதே. நேற்று ரயில்வே பாலத்து ஸ்கூலுக்கு மாஸ்டரும் நானும் போனோம். மேடம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாஸ்டர் மெரூன் துணியை மேஜைமேல் விரித்து, பிள்ளைகளைத் தானே அளவெடுப்பதாகச் சொன்னார். ஆறாம் வகுப்புக்கு மட்டும் கொடுத்திருக்கிறார்கள், அறுபத்திரண்டு சட்டை. சரியாக வந்தால் மீதியும் தருவார்களாம். அந்த ஆர்டரை மயிலம்மாள்தான் ஒற்றை விரலால் அடித்து ஏற்றினாள், ஒரே பெயர்தான் வந்தது, எல்லாரும் கைதட்டினோம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, காலையில் வெறும் காபியோடு வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளையின் வயிற்றுக்குச் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடு. சமயபுரத்தாள் உங்கள் இருவரையும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நிறைவாக வைத்திருக்கட்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நீ பேசி முடிக்கிறவரை நான் வாயைத் திறக்கமாட்டேன், பத்து நிமிஷத்துக்கு மட்டும்.

உன் அம்மா,
ஆனந்தவள்ளி கணேஷ்குமார்