சொர்ணத்தின் மேல் எழுதப்பட்ட ஒரு வரி

அனுப்புநர்:
கோ. கிருத்திகா,
சி-1104, வனஸ்பர்ஷா அடுக்ககம்,
வைட்ஃபீல்ட், பெங்களூரு.

பெறுநர்:
மாவட்டச் சங்கப் பதிவாளர் அவர்கள்,
பெங்களூரு.

பொருள்: வனஸ்பர்ஷா குடியிருப்போர் சங்கத்தின் 10.08.2025 தேதியிட்ட கூட்டக் குறிப்பில் துப்புரவுப் பணியாளர் சொர்ணம் பற்றி எழுதப்பட்ட பொய்யை நீக்கக் கோருதல்.

பார்வை: சங்கச் செயலாளருக்கு நான் எழுதிய கடிதங்கள், 18.08.2025 மற்றும் 01.09.2025. இரண்டுக்கும் பதில் இல்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வனஸ்பர்ஷா குடியிருப்போர் சங்கம் பொய் எழுதி ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தது. அவர் பெயர் சொர்ணம். எங்கள் கிளப் ஹவுஸைப் பெருக்கித் துடைத்து வந்தவர். ஒப்பந்ததாரர் மூலம் ஆறு ஆண்டுகள் வேலை செய்தார். அவர் மீது அதற்கு முன் ஒரு புகாரும் இல்லை.

2. நான் திருப்பத்தூரைச் சேர்ந்தவள். மென்பொருள் நிறுவனத்தில் வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. இரண்டு ஆண்டுகளாக இங்கே தனியாக வாடகைக்கு இருக்கிறேன். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. அலுவலகத் தோழி வீணா எழுதித் தந்த கன்னடப் படியை இணைத்திருக்கிறேன். அதில் எங்காவது கடுமை குறைந்திருந்தால் அது அவருடைய நல்ல குணம். தமிழ்ப் படியையே என் சொல்லாகக் கொள்ளவும்.

3. கிளப் ஹவுஸில் கேரம் போர்டு பூட்டிய அலமாரியில் இருக்கும். அதை எடுக்க, சங்கத்தின் செயலியில் குடியிருப்போர் இரண்டு பேர் பெயர் பதிய வேண்டும். ஒருவர் மட்டும் பதிந்தால் ஏற்காது. நான் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில், ஞாயிற்றுக்கிழமை ஆட யாராவது வருகிறீர்களா என்று கேட்டேன். நானூறு பேருக்கு மேல் உள்ள குழு அது. ஒருவர் மட்டும் கட்டைவிரலை உயர்த்தினார். மறுநாள் அவரே தனியாகச் செய்தி அனுப்பி, ஃபிளாட் வாங்கும் எண்ணம் உண்டா என்று விசாரித்தார். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்டும் நான், ஆள் இல்லாத காரணத்தால் அந்த அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ஒரு முறை இரு முறை அல்ல.

4. ஒரு சனிக்கிழமை, யாரோ ஆடிவிட்டுப் போன போர்டைச் சொர்ணம் துடைத்துக்கொண்டிருந்தார். விட்டுப்போன ஒரு காயைச் சுண்டுவிரலால் தட்டினார். அது மூலைக் குழியில் போய் விழுந்தது. நான் பார்த்துவிட்டேன். அவருக்கு நான்கு மணிக்கு வேலை முடியும். அதன் பின் ஒரு மணி நேரம் ஆடலாமா என்று நான்தான் கேட்டேன். ஏப்ரல் 26 முதல் ஆகஸ்ட் 2 வரை பதினைந்து சனிக்கிழமைகள் ஆடினோம். நான் பெரும்பாலும் தோற்றேன். சிவப்புக் காயைப் போட்டபின் தொடர்ந்து இன்னொரு காயைப் போடத் தவறும்போதெல்லாம், "ரெட்டைப் போட்டுட்டு ஃபாலோ இல்லாம நிக்கிறியே கண்ணு, கம்ப்யூட்டர்ல இதுதான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்பார். அந்த ஐந்து மணியோடு என் வாரத்தின் பேச்சு முடிந்துவிடும். மற்ற நாட்களில் நான் பேசுவதெல்லாம் அலுவலகக் கூட்டத்தில்தான். அதிலும் பாதி நேரம் மைக் அணைத்திருக்கும்.

5. செயலியில் சொர்ணத்தின் பெயரைப் பதிந்தது நான். குடும்பத்தினரைச் சேர்க்கும் இடத்தில் உறவுமுறைக்கு ஒரு பட்டியல் வரும். பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தவர். நண்பர் என்று அதில் இல்லை. உடன்பிறந்தவர் என்பதை அழுத்தினேன். பொய் என்று தெரிந்தே அழுத்தினேன். சொர்ணத்துக்கு இது தெரியாது. என் பெயரில் அனுமதி இருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன்.

6. பி பிளாக்கைச் சேர்ந்த திருமதி ஜெயலக்ஷ்மி, வேலைக்காரப் பெண் கிளப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் என்று புகார் கொடுத்தார். அதை விசாரிக்கச் செயலிப் பதிவைப் பார்த்த நிர்வாகக் குழு, ஆகஸ்ட் 10 அன்று என்னைக் கூட்டத்துக்கு அழைத்தது. அங்கே திருமதி ஜெயலக்ஷ்மி கேட்டதை அப்படியே எழுதுகிறேன்: "ஏம்மா, ஒனக்கு ஃப்ரெண்ட்ஸே இல்லையா? பெருக்க வர்றவளோடதான் ஆடணுமா?" முதல் கேள்விக்கு, இல்லை என்பதே பதில். இரண்டாம் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு இழுக்கு.

7. பிறகு செயலாளர் திரு. ஸ்ரீகண்டன், வீட்டு உரிமையாளருக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றார். உடனே குரலை இறக்கி, "சொர்ணம் கேட்டுத்தானே பேரைச் சேர்த்தீங்க? ஆமான்னு சொல்லுங்க, இத்தோட முடிச்சுக்கலாம்" என்றார். தனியாக இருக்கும் பெண் என்பதால் வைட்ஃபீல்டில் எனக்கு வீடு கிடைக்க நான்கு மாதம் ஆயிற்று. நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என் மௌனத்தை அவர்கள் இப்படி எழுதிக்கொண்டார்கள்: "பணியாளரின் வற்புறுத்தலால் குடியிருப்பாளர் தவறான விவரம் அளித்தார்." சொர்ணத்தை யாரும் அழைத்து விசாரிக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் அறைக்கு வெளியே கண்ணாடிக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டம் எதற்கென்று தெரியாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

8. மறுநாள் அவருக்கு வேலை இல்லை. அந்த வரியைச் சங்கத்தார் படம் எடுத்து, இந்தப் பக்கத்து மற்ற அடுக்ககங்களுக்கும் அனுப்பியதாக ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னார். இனி அவரை இங்கே யாரும் எடுக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். பொய் சொன்ன எனக்கு மூன்று மாதம் கிளப் ஹவுஸ் தடை. பொய்யே தெரியாதவருக்குப் பிழைப்புத் தடை. இதற்குப் பெயர் ஒழுங்கு நடவடிக்கையாம்.

9. அவர் நீலசந்திராவில் இருக்கிறார் என்பது தெரியும். எந்தத் தெரு என்று நான் கேட்டதில்லை. கைபேசி எண்ணையும் கேட்டதில்லை. சனிக்கிழமை நான்கு மணிக்கு அவர் அங்கே இருப்பார் என்பது எனக்குப் போதுமாக இருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் நீலசந்திராவுக்குப் போய்க் கடைகளில் விசாரித்தேன். எந்த சொர்ணம் என்று கேட்டார்கள். கணவர் பெயர், பிள்ளைகள் பெயர் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பணியாளர் பதிவேட்டில் உள்ள முகவரியைத் தரும்படி சங்கத்துக்கு எழுதினேன். அதற்கும் பதில் இல்லை.

10. ஆகவே, சங்கத்தின் குறிப்பேட்டை வரவழைத்து விசாரிக்கவும், அந்த வரியை அடித்து நீக்கவும், நீக்கியதை ஒப்பந்ததாரருக்கும் அதைப் பெற்ற மற்ற அடுக்ககங்களுக்கும் சங்கமே எழுத்தில் தெரிவிக்கவும் ஆணையிட வேண்டுகிறேன். என் மீது என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்கிறேன். வீட்டைக் காலி செய்ய நேர்ந்தாலும் இந்த வாக்குமூலத்தை மாற்றமாட்டேன்.

விசாரணை நாளில் சொர்ணம் அவர்களையும் அழையுங்கள். நான் பேசாமல் இருந்ததை அவர் முன்னால் நானே சொல்ல வேண்டும். அதற்கு ஒரு தேதியும் நேரமும் குறித்து எனக்குத் தெரிவியுங்கள்.

இடம்: பெங்களூரு
நாள்: 22.09.2025

(ஒப்பம்)
கோ. கிருத்திகா