மேசைக்கடியில் இரண்டு தட்டு

ஞாயிற்றுக்கிழமை, இரவு.

ஒன்பது வருடம் ரவியும் நானும் டிவியில் நேரலைப் பாட்டு நிகழ்ச்சி நடத்தினோம். நான் திணறினால் மேசைக்கடியில் அவன் நாற்காலியைக் காலால் இரண்டு தட்டு தட்டுவேன். மிச்சத்தை அவன் பேசிவிடுவான். அந்த நம்பிக்கையில்தான் படமே எடுத்தோம். அவன் இயக்குநர், நான் தயாரிப்பாளர்.

இன்று பட்டர்வொர்த்தில் பத்திரிகையாளர் சந்திப்பு. கதாநாயகி மாலாவை ஏன் பாதியில் மாற்றினீர்கள் என்று ஒருவர் கேட்டார். மாற்றியது ரவி. கூடாது என்று நான் சண்டையே போட்டேன். அதைச் சபையில் எப்படிச் சொல்வது? இரண்டு தட்டு தட்டினேன்.

அவன் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். "அத அக்காகிட்டதான் கேக்கணும் லா. புரொடியூசர் அவங்கதானே!" மைக் என் பக்கம் வந்தது.

அக்காவாம். இத்தனை வருடமும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டான்.

கேமராக்கள் எல்லாம் என்மேல். பழக்கதோஷம், அதே பாட்டு நிகழ்ச்சிச் சிரிப்போடு, "படத்துக்கு எது நல்லதோ அதத்தான் செஞ்சேன்" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஃபெரியில் திரும்பும்போதே மாலாவிடமிருந்து செய்தி: "நீங்களாக்கா?"

ரவியின் பெயரை நான்கு தடவை எழுதி அழித்துவிட்டேன். எப்படி நம்புவாள்? வீடியோவில் சிரிப்பது நான்தானே.