பதினொரு கணக்குக் கொப்பிகள்

ஒக்டோபர் 2
சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் W, ஃபெயில். மற்ற எட்டுப் பாடமும் பாஸ், விஞ்ஞானத்தில் B. ஆனால் கணக்கு இல்லாமல் உயர்தர வகுப்பில் சேர்க்க மாட்டார்களாம். கொழும்பில் புடவைக் கடையில் வேலை செய்யும் மத்தேயு மாமா போனில், "நிஷாலினிய அனுப்பு அக்கா, கடையில சேத்து விடுறேன்" என்றார். அம்மா கொஞ்சம் யோசித்தார். "மார்ச்சுல இன்னொரு வாட்டி எழுதட்டும்டா. அப்பவும் வரலன்னா அனுப்பிர்றேன்."

ஒக்டோபர் 5
என்னிடம் பதினொரு கணக்குக் கொப்பி இருக்கிறது. கலண்டர் தாளில் உறை, சிவப்பு மையில் கோடு. கிருபாகரன் சேர் கரும்பலகையில் போட்ட ஒரு கணக்கும் விடுபடவில்லை. வகுப்பிலேயே அழகான கொப்பி என்னுடையதுதான். பிறகு ஏன் W?
இன்று கொப்பியை மூடிவைத்துவிட்டு, அதிலிருந்த ஒரு கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். இன்னொன்று. அதுவும் அப்படித்தான். இத்தனை வருடமும் நான் கணக்குப் படிக்கவில்லை, பார்த்து எழுதியிருக்கிறேன்! வெட்கமாக இருக்கிறது. யாரைத் திட்டுவது?

ஒக்டோபர் 6
எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பக்கத்து லய வரிசை வீட்டு மதுஷாவும் கணக்கில் W. இரண்டு பேரும் ஒரு முடிவு எடுத்தோம். பின்னேரம் கொப்பி பார்க்காமல் ஆளுக்கு ஐந்து கணக்கு. "எனக்கு வராது" என்று யார் சொன்னாலும், மற்றவள் வீட்டுக்கும் பீலியில் தண்ணீர் பிடித்துத் தூக்க வேண்டும்.

ஒக்டோபர் 7
மதுஷா மூன்று தடவை சொன்னாள், நான் நான்கு தடவை. கை கடுக்கிறது.

ஜனவரி 20
மாதிரிப் பரீட்சையில் 31. முப்பத்தொன்னு! மூணு மாசமா மண்டைய ஒடச்சிக்கிட்டது இதுக்குத்தானா? அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். அடுப்புப் பற்றவைக்கப் போய்விட்டார். அதான் ரொம்ப வலிக்குது. போதும், கொழும்புக்கே போயிர்றேன்.

ஜனவரி 21
போக மாட்டேன்.
விடைத்தாளைப் பார்த்தேன். பிழையாகப் போட்டவை கொஞ்சம்தான். பன்னிரண்டு கேள்வியை நான் தொடவேயில்லை. நீளமாக இருந்தால் தாண்டிப் போயிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டையும் இன்று உட்கார்ந்து போட்டேன். மாதிரி விடைகளோடு சரிபார்த்தேன், ஏழு சரி! தெரியாமல் விடவில்லை, பயந்து விட்டிருக்கிறேன்.

ஜனவரி 24
கிருபாகரன் சேர் நான் மறுபடி போட்ட அந்தப் பன்னிரண்டையும் பார்த்துவிட்டு, "இத யாரு போட்டுக் குடுத்தா?" என்றார். "நான்தான் சேர்." நம்பவில்லை. புதிதாக ஒன்று கொடுத்தார். அவர் முன்னாலேயே போட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இன்று எனக்கே என்னைப் பிடித்திருக்கிறது.

மார்ச் 20
கணக்குப் பரீட்சை முடிந்தது. ஒரு கேள்வியும் வெறுமையாக இல்லை. அதுவே போதும் என்று எழுத ஆசைதான் — போதாது, பாஸாக வேண்டும்.

ஜூலை 11
கணிதம் B!
மதுஷாவுக்கு C. லயத்தில் சிக்னல் இல்லாததால் மேட்டில் ஏறிப் போய்ப் பார்த்தோம். அங்கிருந்தே அம்மா கொழுந்து பறிக்கிற மலைக்கு ஓடினேன். "கர்த்தர் குடுத்தாரு" என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். அம்மா அடுத்த நிரையில் நின்ற எல்லோரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். "எம் மக தானாப் படிச்சி எடுத்தது, கேட்டுக்கங்க!"
கூச்சமாக இருந்தது. ஆனாலும் இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று இருந்தது.

ஜூலை 28
உயர்தர விண்ணப்பத்தை நிரப்பினேன். எங்கள் பாடசாலையில் கலைப்பிரிவு மட்டும்தான், அதனால் இது பதுளைப் பாடசாலையின் படிவம். பாடப்பிரிவு என்ற இடத்தில் "கணிதம்" என்று எழுதினேன். மத்தேயு மாமா போனில் கேட்டுவிட்டு, "கணக்கா? நெசமாவா? பயமா இல்லியாம்மா?" என்றார்.
"பயந்தான் மாமா. காலையில மொத பஸ்ஸுல போயி விண்ணப்பத்தக் குடுக்கப் போறேன்."