ஒவ்வொருவராக வரும் சண்டை

மாசி 6, செவ்வாய்

காலையில் நல்ல பனி. பள்ளிக்கூடம் போகும் வழியில் எதிரே வருகிறவர் முகம் தெரியவில்லை. பிள்ளைகள் பாதிப் பேர் வரவில்லை. உளுந்து வயலில் ஆடு விரட்டப் போய்விட்டார்கள். மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் ஒன்றாகவே கணக்கு.

வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், ஊதா மை, தம்பி கைக்குத் தைலம்.

தம்பி செல்வராசு இன்றும் வாசலைத் தாண்டவில்லை. நிலத்தை விட்டு விரட்ட, தை அறுப்பில் மிராசுதார் ஆட்கள் அடித்துப் போட்டதிலிருந்து இப்படித்தான். கை எலும்பு கூடிவிட்டது. கட்டு அவிழ்த்தாயிற்று. ஆள்தான் இன்னும் கூடவில்லை. கூப்பிட்டால் "ம்". அதற்கு மேல் பேச்சில்லை. முகம் பார்ப்பதும் இல்லை. பெண்டாட்டி புஷ்பம் தட்டை வைத்தால் சாப்பிடுகிறான், எடுத்தால் கை கழுவுகிறான். பிள்ளை மடியில் ஏறினால்கூடத் தூக்குவதில்லை. தாடி வேறு.

28ஆம் தேதி தாசில்தார் ஆபீசில் விசாரணை. மிராசுதார் தரப்பை எதிரே வைத்துக்கொண்டு "இந்த நிலத்தில் நான்தான் சாகுபடி செய்கிறேன்" என்று அவன் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் பதிவேட்டில் குத்தகைதாரர் என்று பெயர் ஏறும். சொல்லாவிட்டால் அப்பா காலத்திலிருந்து உழுத நிலம் போயிற்று. அவனுக்குப் பதில் நான் போய்ச் சொல்ல முடியாது, கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆட்சி மாறிவிட்டது, சட்டமெல்லாம் இனி உழுகிறவன் பக்கம் என்று டீக்கடை ரேடியோ தினமும் சொல்கிறது. இவன் வாய் யார் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

மாசி 8, வியாழன்

மண்ணெண்ணெய்க்குக் காதர் பாய் கடை. மளிகை அவருடையது, அறுப்பு முடிந்ததும் திடலில் டூரிங் கொட்டகை போட்டிருப்பதும் அவர்தான்.

"என்ன டீச்சர், நம்ம கொட்டகைப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டேங்கிறீங்க?"

"என்ன படம் பாய்?"

"கத்திச் சண்டைப் படம். சண்டை மட்டுமே ஆறு!"

"ஆறு சண்டையில ஒரு மனுசனாவது இருக்கானா?"

பாய் சிரித்துவிட்டார். "உங்ககிட்ட ஏன் மறைக்கணும்? எனக்கும் பிடிக்காதுதான். தாயும் புள்ளையும் பிரிஞ்சு கடைசியில சேரணும். ஜனம் மூக்கைச் சிந்திக்கிட்டு வெளியில வரணும். அதான் படம். சண்டையைப் பாத்து எவன் அழுவான்? விசில்தான் அடிப்பான்."

முதல் தடவையாக பாயும் நானும் ஒரே கட்சி.

சண்டைப் படத்தின் மேல் என் குற்றப்பத்திரிகை (தூக்கம் வராமல் எழுதியது):
– கதாநாயகன் சட்டை கசங்காது.
– இருபது பேர் வருவார்கள். ஒருத்தன் அடிபடும் வரை பாக்கிப் பேர் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்பார்கள்.
– அடி விழுமுன்பே சத்தம் விழும்.
– கீழே விழுந்தவன் மெதுவாக, அழகாக எழுந்திருப்பான். அதுவரை எதிரி மீசையை முறுக்குவான்.
முழுக்கப் பொய். பொய்யில் என்ன உணர்ச்சி இருக்க முடியும்?

மாசி 10, சனி

புஷ்பம் உளுந்து வயலுக்குப் போய் வந்தாள். நெல் நிற்கும்போதே தம்பி செ. தெளித்த உளுந்து. நன்றாகப் பிடித்திருக்கிறதாம், பூ வைத்துவிட்டதாம். தெளித்தவன் ஒரு நாளும் போய்ப் பார்க்கவில்லை.

சோறு வடித்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணி, அவரை ஒரு நாளு கொட்டகைக்கு அழைச்சிட்டுப் போவமா? முந்தியெல்லாம் சண்டைப் படம்னா நீடாமங்கலத்துக்குச் சைக்கிளை மிதிச்சிக்கிட்டுப் போயிடுவாரு. ஒண்ணு விட மாட்டாரு."

"புத்தி இருக்கா உனக்கு? அடி வாங்கினவனுக்கு அடிதடியையா காட்டறது?"

"வேற எதைக் காட்டறது? இந்தச் செவுத்தையா?"

சரி என்றேன். நாளை போகிறோம். நடுவில் எழுந்து ஓடிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

மாசி 12, திங்கள்

பனி குறைந்துவிட்டது. எச்.எம். லீவு. பிள்ளைகளை வாய்ப்பாடு எழுதச் சொல்லிவிட்டு நேற்றைய கதையை எழுதுகிறேன்.

செ. மறுப்புச் சொல்லவில்லை. சட்டை போடு என்றேன், போட்டான். வா என்றேன், வந்தான். 

பெஞ்சு டிக்கெட். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் இடுப்பளவு கீற்றுத் தட்டி. அந்தப் பக்கம் ஓரமாக செ., இந்தப் பக்கம் நானும், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு புஷ்பமும். எழுந்து ஓடினால் பிடிக்க வசதி.

நம் கொட்டகைக்கும் பக்கத்து ஊர்க் கொட்டகைக்கும் சேர்த்து ஒரே பிரிண்ட். அங்கே முன்னால் ஆரம்பித்துவிடுவார்கள். முதல் ரீல் பெட்டி ஓடி முடிந்ததும் சைக்கிளில் இங்கே வரும். இப்படியே பெட்டி பெட்டியாக இரண்டு ஊருக்கும் படம். நேற்று சைக்கிள்காரர் அவசரத்தில் அங்கே இன்னும் ஓடாத கடைசிப் பெட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆபரேட்டராவது பார்த்திருக்கலாம். ஆனால் இங்கே வந்த ரீலை உடனே மாட்டாவிட்டால் ஜனம் மண்ணை வாரித் திரையில் அடிக்கும். வந்ததை மாட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் கொட்டகைச் சட்டம்.

ஆகவே பெயர் போடவில்லை. தாய் இல்லை, பாட்டு இல்லை, கதை இல்லை. விளக்கு அணைந்ததும் நேரே ஒரு கோட்டைப் படிக்கட்டு. ஒருத்தன் கையில் கத்தி. சுற்றிலும் முகமூடிக் கூட்டம்.

"யாருடா இவன்?"

"வில்லன்டா."

"இல்லடா, கீழ நிக்கிறவன்தான் வில்லன்."

யார் நல்லவன் என்றே தெரியாமல் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் மேலே போகிறான். ஒருவன் வருகிறான், கத்தி மோதுகிறது, விழுகிறான். அடுத்தவன் வருகிறான். என் குற்றப்பத்திரிகை அப்படியே நடந்தது. எனக்குச் சிரிப்புகூட வந்தது. பிறகு அவன் தோளில் வெட்டு விழுந்து, படியெல்லாம் உருண்டு கீழே கிடந்தான். கத்தி தூரத்தில். கூட்டம் சுற்றி நின்றது. யாரும் கிட்டே வரவில்லை. முழங்கை ஊன்றினான். வழுக்கியது. மறுபடி ஊன்றினான். எழுந்திருக்க அத்தனை நேரம். விசில் இல்லை, முறுக்குக் கடிக்கும் சத்தம் இல்லை. புரொஜெக்டர் ஓடுவது மட்டும் கேட்டது.

புஷ்பம் என் தொடையைக் கிள்ளினாள். தட்டிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். செ. அழுதுகொண்டிருந்தான். முகத்தை மூடவில்லை, குனியவும் இல்லை. தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்து, தோள் குலுங்கக் குலுங்க. அடி வாங்கிய அன்றுகூட அவன் அழவில்லை.

அப்புறம் விளக்கைப் போட்டுவிட்டு பாய் மைக்கில்: "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, முடிவு கொஞ்சம் முன்னாடியே வந்துட்டபடியால்..." ஒரே சிரிப்பு. முதல் பெட்டி வந்து தாய் வந்தாள், தாலாட்டுப் பாடினாள், பிள்ளையைப் பிரிந்தாள். செ. கண் காய்ந்துவிட்டது. கடைசிப் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்ட பக்கத்து ஊர் மறுபடி அனுப்பவில்லை, எங்களுக்குப் படம் முடிவில்லாமல் முடிந்தது.

ஒன்று மட்டும் புரியவில்லை. தாய்க்காக அழுதான் என்று சொல்ல முடியாது, தாய் அப்போது வரவே இல்லை. கதைக்காக என்றும் சொல்ல முடியாது. வெறும் சண்டை. யாரென்றே தெரியாத ஒருத்தன் போட்ட சண்டை.

மாசி 13, செவ்வாய்

காலையில் எழுந்து பார்க்கிறேன், கிணற்றடியில் கண்ணாடியைச் சார்த்தி வைத்து செ. தாடி எடுக்கிறான்! புஷ்பம் அடுப்படியிலிருந்து கண்ணால் ஜாடை காட்டினாள், ஒன்றும் கேட்காதே என்று. பால் வாங்கப் போகிறவள் மாதிரிச் செம்போடு நின்றேன். அவனாகவே ஆரம்பித்தான்.

"அக்கா, படத்துல ஒவ்வொருத்தனாத்தான் வர்றான், பாத்தியா?"

"பாத்தேன். அதைத்தான் பொய்ங்கிறேன்."

"பொய்தான். என்மேல அப்படியா வந்தானுவ? குனிஞ்சு அறுத்துக்கிட்டு இருந்தேன். பின்னாலேருந்து மொத்தமா விழுந்தானுவ. ஒருத்தன் மூஞ்சியும் பாக்கல. திரும்பறதுக்குள்ள சேத்துல கெடக்கிறேன்."

கத்தியைத் தண்ணீரில் அலசினான். பாதித் தாடி அப்படியே.

"அவன் விழுந்தா எந்திரிக்கிற வரைக்கும் நிக்கிறானுவக்கா. நமக்கு எவன் நிப்பான்? நின்னிருந்தா நானும் எந்திரிச்சிருப்பேன். அன்னையிலேருந்து அதேதான் நெனப்பு. எந்திரிச்சிருப்பேன், எந்திரிச்சிருப்பேன்னு. யாருகிட்டச் சொல்றது? திரையில ஒருத்தன் எந்திரிக்கவும் தாங்க முடியல."

செம்போடு அப்படியே நின்றேன். பால் வாங்கவே இல்லை. ரேஷன் கடை வரிசை என்று நான் கிண்டல் செய்தேனே, அந்தப் பொய்க்காகத்தான் என் தம்பி இத்தனை நாளாக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறான். அடித்ததை மறக்க அல்ல. நேருக்கு நேர் நின்று வாங்கியிருக்கலாமே என்று. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. படத்தின் மேல் இல்லை, அந்த ஆட்கள் மேல்.

மாசி 19, திங்கள்

இரண்டு நாள் உளுந்து வயலுக்குப் போனான். நேற்று வரப்பில் மிராசுதாரின் நிலபுலம் பார்க்கும் காரியக்காரர் எதிரே வந்திருக்கிறார். திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டான். மறுபடியும் சுவர், மறுபடியும் "ம்".

பொறுமை போய்க் கத்திவிட்டேன். "சினிமாவுல அழுவத் தெரியுது, ஆபீசுல பேசத் தெரியாதா?" சொன்ன வாயைத் தைக்க வேண்டும்.

புஷ்பம் ராத்திரிச் சோற்றுத் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். சரிதான்.

மாசி 23, வெள்ளி

கொட்டகையில் படம் மாறிவிட்டது. பாய் ஆசைப்பட்ட அழுகைப் படம். கூட்டம் நெரிகிறது. பாய் முகத்தில் பெருநாள் களை. "பாத்தீங்களா டீச்சர், தாய்ப் பாசம்னா தாய்ப் பாசம்தான்!" நேற்றுப் போனோம். நான் முந்தானை நனைய அழுதேன். இன்று காலை எதற்கு அழுதேன் என்று யோசித்தால் ஒன்றும் நினைவில் இல்லை. செ. இடைவேளை வரை தூங்கினான், பிறகும் தூங்கினான்.

பாயிடம் கேட்டேன்: "அந்தச் சண்டைப் படம் திரும்ப வருமா?"

"யாருக்கு டீச்சர், உங்களுக்கா?" ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து, பாயிடம் கேட்டதைச் சொன்னதும் செ. கேட்டான், தானாக: "28ஆம் தேதிக்கு எந்த பஸ்ஸுக்கா?"

மாசி 28, புதன்

வெயில் ஏறிவிட்டது. காலை பஸ். வெள்ளை வேட்டியை புஷ்பம் முந்தாநாளே கஞ்சி போட்டு வைத்திருந்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை.

ஆபீசில் மத்தியானம் வரை காத்திருப்பு. பிறகு கூப்பிட்டார்கள். மிராசுதார் வரவில்லை. மகன், காரியக்காரர், வக்கீல். உள்ளே நுழைந்ததுமே மூன்று வாயும் ஒன்றாக.

"இவன் குத்தகைக்காரனே இல்ல, கூலி ஆளு."

"சார், எந்த ரசீதும் கிடையாது சார்."

"யாரும் கையே வைக்கல சார், இவனா வரப்புல வழுக்கி விழுந்தான்."

செ. தலை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தது. அந்தக் கழுத்தை எனக்குத் தெரியும், தையிலிருந்து தினமும் பார்க்கிறேன். தாசில்தார் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். முடிந்தது என்றே நினைத்தேன். நிலம் போயிற்று, தம்பியும் போய்விட்டான்.

"ஐயா."

செ.தான். தரையைப் பார்த்துக்கொண்டே.

"ஐயா, ஒவ்வொருத்தரா பேசச் சொல்லுங்கய்யா. மொத்தமா விழுந்தா எனக்குப் பேச வராது. ஒவ்வொருத்தரா வரட்டும். நான் பதில் சொல்றேன்."

தாசில்தார் கண்ணாடியைக் கழற்றி அவனைப் பார்த்தார். பிறகு வக்கீலைப் பார்த்துக் கையமர்த்தினார். "சொல்றது நியாயந்தானே? நீங்க முதல்ல."

ஒருவர் கேட்டார், இவன் சொன்னான். அடுத்தவர் கேட்டார், சொன்னான். நடுவில் ஓரிடத்தில் தடுமாறி நின்றுவிட்டான். யாரும் குறுக்கே விழவில்லை. தாசில்தார் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். செ. நிமிர்ந்து நின்றான். தலையைத் தூக்கி மிராசுதார் மகன் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நான்தான் சாகுபடி செய்யறேன். எங்கப்பாவுக்கு அப்புறம் நான். இப்ப நிக்கிற உளுந்தும் நான் தெளிச்சது."

எழுதிக்கொண்டார்கள். தீர்ப்பு இன்னும் இல்லை. பங்குனியில் தாசில்தாரே வயலுக்கு வந்து பார்ப்பார், அக்கம்பக்கத்தாரை விசாரிப்பார். அதுவரை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது, உளுந்தை செ.யே பிடுங்கிக்கொள்ளலாம். பக்கத்து வயல்காரர் இருவர் சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார்கள். நல்லபடியாகத்தான் முடியும் என்று தோன்றுகிறது.

திரும்பும்போது நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக பஸ் நின்றது. இறங்கி வடை வாங்கி வந்தான். எனக்கு இரண்டு, அவனுக்கு நாலு.

இப்போது வீட்டில் சாப்பாடு. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. செ. சோற்றைப் பிசைந்தபடி புஷ்பத்துக்கு எல்லாவற்றையும் சொன்னான், எழுந்து நின்று நடித்தும் காட்டினான். அங்கே இருந்தது மூன்று பேர். அவன் சொல்லச் சொல்ல ஆறாகி, பத்தாகி, வாசல் வரை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். புஷ்பம் வாயைப் பிளந்து கேட்கிறாள். "நெசமா அண்ணி?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"ஆமாம், பத்துப் பேரு," என்றேன்.