வலிக்கிற பக்கமே தூக்குங்க, அத்தை

மஸ்கட்

அத்தைக்கு அருள்மணி எழுதுறது. நீங்களும் மாமாவும் பாப்பாவும் சொகமா? நான் நேரத்துக்குச் சாப்பிடுறேன்.

நேத்து ஆஸ்பத்திரியில ஒரு அரபு அம்மாவுக்கு நடை பழக்குறப்ப, "மெதுவா வாங்க அத்தை"ன்னு சொல்லிட்டேன். அவங்களும் புரிஞ்ச மாதிரி தலையாட்டிக்கிட்டே நடந்தாங்க.

வீடியோ கால்ல பார்த்தேன். வலது இடுப்பு வலிக்குதுன்னு பாப்பாவ எடது பக்கம் தூக்குறீங்க. எல்லாரும் பண்ற தப்புதான். எடப்பக்கம் பாரம் இருந்தா, ஒடம்பு சாயாம வலது இடுப்புத் தசைதான் இழுத்துப் பிடிக்கணும். அந்த இழுப்பெல்லாம் வலிக்கிற மூட்டுலதான் அழுத்தும். அதனால வலது பக்கமே தூக்குங்க. லீவுல ஊருக்கு வர்ற அறந்தாங்கி ரெங்கராஜ் அண்ணன்கிட்ட இந்த லெட்டரோட ஒரு கைத்தடியும் குடுத்து விடுறேன். அது பாரமில்ல, தாங்குறது; அத மட்டும் எடது கையில பிடிங்க.

உங்க மக பிரகதி நம்மள விட்டுப் போன அன்னைக்கு, அழுகைய நிறுத்திட்டு என் கையில இருந்து பாப்பாவ வாங்கி இடுப்புல வச்சீங்க. ஏழு மாசமாச்சு, இன்னும் எறக்கி விடல. போன்ல இதச் சொல்ல எனக்கு வாய் வரல, அத்தை.

பாப்பா பாதத்த ஒரு தாள்ல வச்சு, சுத்தி வரைஞ்சு அண்ணன்கிட்டயே குடுத்து விடுங்க. செருப்பு வாங்கணும். ரெண்டு பாதமும் வரைங்க. அவ நடந்துட்டா நீங்க கொஞ்சம் உக்காரலாம்.

அண்ணனுக்கு ஏர்போர்ட் வண்டி வந்துருச்சு.

அருள்மணி