கூறை மாற்றும் வரை தாங்கிய சுருட்டு

இன்று காலை உமது பேத்தியின் முதலாவது பிறந்தநாளுக்கு வாழ்த்து மட்டை ஒன்றை உறையில் வைத்து, உறையின் ஓரத்துப் பசையை நாக்கால் ஈரமாக்கினேன். இப்போது உறைகள் பெரும்பாலும் தாமாகவே ஒட்டிக்கொள்கின்றன. மனோர் பார்க்கில் எங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் இருந்ததோ பழைய வகை. முதலில் ஒரு மெல்லிய இனிப்பு, அதன் பின்னால் காகிதக் கசப்பு. உறையை மூடாமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டேன். அந்தச் சுவை எனக்குப் பழக்கமானது உமது சமையலறையில்தான்.

ஆகவே உமக்கு எழுத உட்கார்ந்தேன். செய்தி எழுதியே பிழைத்தவள். நடந்ததை நடந்த ஒழுங்கில்தான் எழுதவரும். நீர் வாசித்திருந்தால், "என்னப்பா, கோர்ட்டில சாட்சி சொல்லுறமாதிரிக் கிடக்கு" என்று பகிடி பண்ணியிருப்பீர். பரவாயில்லை, பண்ணும்.

ஜேர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்து, பார்க்கிங் என்ற பகுதியில் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் மணப்பெண் அலங்கார நிலையம் நடத்தினீர். செய்தி சேகரிக்கப் போகும் கலியாண வீடுகளில் மணமகளைப் பின்னாலிருந்து பார்த்தே உமது கைவேலை என்று சொல்லிவிடுவேன். சடையின் குஞ்சம் ஒரு பக்கம் சாயாது. நெற்றிச்சுட்டி, பெண் குனிந்து விழுந்து கும்பிட்டு எழுந்தாலும் இடம் பெயராது. நாங்கள் ஒத்த வயதுக்காரர். ஆனாலும் முதல் நாளிலிருந்தே 'நீர்', 'உமக்கு' என்றுதான் பேச்சு. "நீ எண்டா சண்டை வரும், நீங்கள் எண்டா பொய் வரும். நடுவில நிப்பம்" என்றீர். கடைசிவரை நடுவிலேயே நின்றோம்.

பிறகு புற்றுநோய். உமக்கே அலுத்துப்போன கதையை நான் நீட்டப்போவதில்லை. மருந்து ஏற்ற ஏற்ற விரல் நுனிகள் மரத்தன. மரத்துப்போன இடமே எரியவும் செய்தது. சோறு மணந்தால் குமட்டல். வலி மாத்திரை போட்டால் உட்கார்ந்த இடத்திலேயே உறக்கம். இந்த நிலையில்தான் உமது மகள் ஆரணியின் கலியாணத்துக்கு நாள் குறித்தாகியது. மாப்பிள்ளை தெற்கு லண்டன் ஸ்ட்ரெதமில் வளர்ந்த தமிழ்நாட்டுப் பொடியன், அவனுடைய தாய் ஒரு டொக்டர்.

"வேற ஆரையும் பிடிப்பம். உமக்குத் தெரிஞ்ச பிள்ளையள் எத்தினை பேர் இருக்கினம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஊர்ப் பெட்டையளுக்கெல்லாம் நான் உடுத்திவிட்டன். என்ர பிள்ளைக்கு இன்னொருத்தி உடுத்திவிட நான் கதிரையில இருந்து பாக்கிறதோ? விசர்க் கதை கதையாதேயும்."

எங்கள் ஊர்க் கலியாணங்களில் ஒருமுறை உடுத்திவிட்டால் வேலை முடிவதில்லை. முதற் சேலையில் மணவறைக்கு வரும் பெண், தாரை வார்த்த பின் கூறைச்சேலையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதை உடுத்துத் திரும்பி வந்தால்தான் தாலி. வெளியே ஐயரும் மேளக்காரரும் சபை முழுவதும் காத்திருக்க, உள்ளே கனத்த பட்டை அவசரமாக மடித்துச் செருக வேண்டும். அந்த இரண்டாவது உடுத்தல்வரை உமது கைகள் தாங்குமா என்பதே அந்த மாதங்களில் எங்களுக்கிருந்த ஒரே கேள்வி.

தனியார் கிளினிக் ஒன்று உமக்குக் கஞ்சா எழுதிக்கொடுத்தது. உமது பெயர் அச்சிட்ட லேபலுடன் ஒரு போத்தலில் காய்ந்த பூ வந்தது. அதைச் சூடாக்கி ஆவியை இழுப்பதற்கு ஒரு கருவி. புகைக்கக் கூடாது என்று திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். கருவி உமக்கு ஒத்துவரவில்லை. "மூச்சு முட்டுறவன் பம்ப் அடிக்கிறமாதிரி" என்று அதை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினீர்.

நான் கோர்ட்டுச் செய்தியும் எழுதியவள், சட்டத்தைச் சொன்னேன். போத்தலில் இருப்பது மருந்து. தாளில் சுற்றிக் கொளுத்தினால் குற்றம்.

"அப்ப கஞ்சாவில பிழையில்லை, நெருப்புப்பெட்டியிலதான் பிழையோ?"

"கிட்டத்தட்ட."

"நல்ல நாடு" என்றீர். அன்று பின்வளவுக் கதிரையில் முதலாவதைப் பற்றவைத்தீர். இளையவர்கள் அதை ஜொயின்ற் என்பார்கள். நீர் சுருட்டு என்றீர். குமட்டல் அடங்கியது. நீராகவே கேட்டு ஒரு கரண்டி தயிர்ச்சோறு சாப்பிட்டீர்.

ஆனால் அது நெடுநேரம் நிற்கவில்லை. அலங்காரம் பழகப் பாவிக்கும் ரப்பர்த் தலை ஒன்று உம்மிடம் இருந்தது, நீளமுடியோடு. 'மிஸ் பார்க்கிங்' என்று பெயர் வைத்திருந்தீர். சுருட்டுப் பற்றிய கையோடு அதற்குச் சடை பின்னிப் பார்ப்பீர். பின்னல் பாதி இறங்குமுன் விரல் எரிவு திரும்பிவிடும். குஞ்சம் கட்ட ஏலாது. அப்போது எவரிடமோ கேட்டறிந்து வந்தீர், அந்தப் பூவை அழுத்திப் பிசின் எடுத்து உள்ளே வைத்துச் சுற்றினால் கூடிய நேரம் நிற்குமென்று. லேபலில் அந்த வேலையும் இல்லை. இருவருக்கும் தெரிந்துதான் செய்தோம்.

உமது கடையின் பழைய ஸ்ட்ரெய்ட்னர் அதற்கு வந்து வாய்த்தது. எத்தனையோ மணப்பெண்களின் சுருள்முடியை நேராக்கிய இரும்பு, கேக் சுடும் பேக்கிங் தாளுக்குள் வைத்த பூவை இறுக்கிப் பிடித்தது. எலுமிச்சைத் தோலும் பெற்றோலும் சேர்ந்தாற்போல ஒரு மணம் எழும்பியது. தாளைப் பிரித்தால் தேன்நிறத்தில் ஒரு சொட்டுப் பிசின். இருவரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தோம்.

அது பலாப்பழப் பாலைப்போல விரலைப் பிடித்தது. உடனே நீர் எங்கள் பெண்கள் எவரும் செய்யக்கூடியதைச் செய்தீர்: உள்ளங்கை நிறையத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டீர். விரலில் ஒட்டவில்லை, தாளிலும் ஒட்டவில்லை. எண்ணெய் ஊறிய சுருட்டு, பற்றவைத்ததும் கோயில் திரி மாதிரி மஞ்சள் சுவாலை விட்டு எரிந்தது.

"விளக்கு வைச்சாச்சு. தேவாரம் பாடுவமோ?" என்றேன்.

நீர் சிரித்துச் சிரித்துக் கதிரையோடு சாயப் பார்த்தீர். நோய் வந்தபின் நீர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை, அதுவும் பாழாய்ப்போன ஒரு சுருட்டுக்கு.

எண்ணெயைக் கைவிட்டோம். பிசினைக் குளிர்சாதனப் பெட்டியில் தோசைமாவுக்குப் பக்கத்தில் வைத்து இறுகவிட்டு, நூலாகத் திரித்தீர். வெளியே சுற்றினால் ஒரு பக்கமாக எரிந்து ஓடியது. நடுவில் வைத்தபோது ஒழுங்காக எரிந்தது. தடித்த நூல் வைத்த ஒரு நாள், மிஸ் பார்க்கிங்குக்கு நெற்றிச்சுட்டியைத் தாடையில் கட்டிவிட்டு, "வடிவாத்தானே இருக்கிறாள்?" என்று கேட்டீர். அதன்பின் நூல் மெலிந்தது. தாளின் விளிம்பு உமது விரலுக்குத் தெரியாது. நான் ஓரத்தைப் பிடிப்பேன், நீர் கண்ணால் பார்த்துச் சுற்றுவீர். கடைசியில் தாளின் ஓரத்துப் பசை.

மருந்து உமது வாயைக் காயவைத்திருந்தது. நாக்கில் ஈரமில்லை. தாளை என் பக்கம் திருப்பினீர்.

"நக்கும்."

"என்ர எச்சிலையோ?"

"பின்ன, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரனைக் கூப்பிடட்டோ?"

எச்சில் பார்க்கும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாங்கள். செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து தண்ணீர் குடித்தே பழகியவர்கள். அத்தனை வருட நட்பில் ஒரே கோப்பையில் வாய் வைத்ததில்லை. நான் தாளின் ஓரத்தை நாக்கால் தடவிக் கொடுத்தேன். நீர் அதைப் பெருவிரலால் அழுத்தி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஒட்டீட்டுது" என்றீர். பிறகு ஒவ்வொரு முறையும் அதே சொல். அன்று மிஸ் பார்க்கிங்கின் சடை நுனிவரை இறங்கியது, குஞ்சமும் கட்டியானது. எல்லோருக்கும் இது இப்படி உதவும் என்று நான் எழுதமாட்டேன். உமக்கு உதவியதை என் கண்ணால் கண்டேன்.

ஆரணி ஒருநாள் தோசைமாவு எடுக்கப்போய்க் கண்டுபிடித்தாள்.

"அம்மா, வட் இஸ் திஸ்?"

"பிசின்."

"ஓ மை கோட். அவரின்ட அம்மா டொக்டர், அம்மா. வெடிங் அண்டைக்கு உங்களில மணந்தா நான் ஃபினிஷ்ட். அன்ரி, நீங்களுமா?"

"நான் எச்சில் மட்டுந்தான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. புது உடுப்பு, பல் தீட்டல், வாசனைத் தெளிப்பு என்று தாய்க்குக் கட்டளைகள் போட்டாள். நீர் எல்லாவற்றுக்கும் "ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை" என்றீர்.

கலியாணத்தன்று காலையில் பின்வளவிலேயே அலுவலை முடித்து, குளித்து, பட்டுடுத்து, ஏலக்காயை மென்றபடி காரில் ஏறினீர். உம்மில் ஒரு மணமும் இல்லை. ஸ்ட்ரெதம் மண்டபத்தின் அலங்கார அறையில் பெட்டியைத் திறந்து, கைப்பழக்கத்தில் கூட வந்துவிட்ட உமது பிரியமான பழைய ஸ்ட்ரெய்ட்னரை எடுத்துச் சூடாக்கி, ஆரணியின் முன்முடியில் வைத்தீர்.

எலுமிச்சைத் தோல், பெற்றோல். ஆரணியின் கண்கள் கண்ணாடியில் விரிந்தன. அறைக்குள் இருந்த சொந்தக்காரப் பெண்கள் மூக்கைச் சுருக்கினார்கள். "என்ன மணம் இது? எங்கயோ ஒரு பொடியன் கஞ்சா பத்துறான் போல" என்றார் ஒருவர், ஜன்னலைப் பார்த்தபடி. அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா, பூத்தட்டோடு உள்ளே வந்தார்.

அவர் நின்றார். முகர்ந்தார். இரும்பைப் பார்த்தார், உமது கையைப் பார்த்தார். மருமகளாக வரப்போகிறவளின் தலையில் குனிந்து ஆழமாக மூச்செடுத்தார்.

"ஆமா, சாம்பிராணி போட்டிருக்காங்க" என்றார் அந்தப் பெண்களிடம். "எங்க பக்கமும் கல்யாணப் பொண்ணுக்கு முடியில போடுவோம். இது கொஞ்சம் ஸ்ட்ராங்கான வகை. எல்லாரும் வெளில வாங்க, அவங்க வேலை பாக்கட்டும்."

எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனவர், கதவடியில் திரும்பி உம்மிடம் சொன்னார்: "நான் வலி கிளினிக்ல டாக்டருங்க. கை நடுங்காம இருக்கே, அது போதும். சடையை முடிங்க."

சடையை முடித்தீர். தாரை வார்த்தாகியது. கூறை வந்தது. மகளோடு உள்ளே வந்து கதவைச் சாத்தினீர். சேலைத் தலைப்பைப் பிடிக்க நான் நின்றேன். மரத்த விரல்கள் அந்தக் கனத்த பட்டைக் கண்ணின் துணையால் மட்டும் மடித்தன, ஒன்றின்மேல் ஒன்றாக, விளிம்பு பிசகாமல். வெளியே ஐயர், "கூறை மாத்தியாச்சோ?" என்று கேட்கும் சத்தம். நீர் அவசரப்படவில்லை. கொசுவத்தைச் செருகி, ஊசி குத்தி, இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து, "கூட்டிக்கொண்டு போம்" என்றீர். கதவு திறந்ததும் மேளம் தூக்கி அடித்தது. அது ஆரணிக்காக அடித்த மேளம் என்று சபை நினைத்திருக்கும். எனக்கு அது உமக்காகத்தான் அடித்தது.

பந்தியில் சம்பந்தியம்மா உமக்குப் பக்கத்தில் இருந்தார். பரிமாறியவரைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு இன்னும் கொஞ்சம் வைங்க. அந்தச் சாம்பிராணிக்கு நல்லா பசிக்கும்" என்றார். நீர் மறுசோறு வாங்கினீர். பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டீர். மாதக்கணக்காகக் கரண்டியால் கொறித்துக்கொண்டிருந்தவர் இலையை வழித்துச் சாப்பிட்டதைப் பார்த்து ஆரணி மாலையும் கழுத்துமாக அழுதாள். "மை கலையப்போகுது, துடை" என்று வாயில் சோற்றோடு அதட்டினீர்.

அடுத்த குளிர்காலத்தை நீர் காணவில்லை. பேத்தியையும் காணவில்லை. ஆனாலும் நான் எழுதிய கலியாணச் செய்திகளிலெல்லாம் இது ஒன்றுதான் வெற்றிச் செய்தி. அச்சில் போட முடியாமல் போன செய்தியும் இது ஒன்றுதான்.

நேற்றுச் சம்பந்தியம்மா போன் எடுத்தார். "பாப்பாவுக்கு முடி நல்லா வளந்திருக்கு. பிறந்தநாளுக்குக் குட்டியா ஒரு சடை போடலாம். பாட்டி இல்லையே, யார் போடறது?" என்றார். உமது பெட்டியிலிருந்த ஆகச் சிறிய குஞ்சம் என்னிடம்தான் இருக்கிறது. நீர் பின்ன, நான் அத்தனை நாளும் பக்கத்தில் நின்றது சும்மாவா? "நான் போடுறன்" என்றேன்.

இந்தக் கடிதத்தை வாழ்த்து மட்டையோடு சேர்த்து மடித்து வைத்தாயிற்று. உறையின் ஓரம் இதற்குள் காய்ந்துவிட்டது. மறுபடி நாக்கால் தடவி, பெருவிரலால் அழுத்தி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஒட்டீட்டுது.