குடைக்குப் பின்னால் நிற்பவள்

05.12.2009

சுனாமி வந்து அஞ்சு வருஷமாகப் போகிற மார்கழி. சண்டை முடிந்ததும் இந்த வருஷம்தான். சந்தையடியில் ஆமிக்காரர் காவல் நின்ற சென்ரியின் மண்மூட்டைகளைக்கூட எடுத்துவிட்டார்கள். எழுதப் படிக்க நான் பழகியதே அகதி முகாமில்தான், கிழவனான பிறகு. பிழை இருந்தால் என்ன, வாசிக்கப்போவது நான்தானே.

சீதேவிப்பிள்ளைக்கு மாலை போட ஒரு படம் இல்லை. ஊருக்கெல்லாம் அடையாள அட்டைப் படம் பிடித்தவனுடைய மனிசிக்கு. நாவலடி வீட்டோடு படமெல்லாம் கடலில் போயிற்று, அவளும்தான். சுனாமிக்குப் பிறகு தந்த இந்தத் திராய்மடு வீட்டில் சுவர் வெறுமனே கிடக்கிறது.

07.12

டவுனில் என்ட படக்கடையில் இருந்த நெகட்டிவ் தகரப்பெட்டி மட்டும் தப்பியது. எல்லாம் வீதிப் படம். பிலிம் றோல் முடியாமல் கழுவ ஏலாது, அதனால் அட்டைப் படம் எடுத்து மிஞ்சியதை வெளியில் வந்து அடித்துவிடுவேன். அதில் எவர் முகமும் தெளிவாக இராது. வேணுமென்றேதான். ஆமி சோதனையில் படத்தைப் பிடித்து, இவன் ஆர், எங்க இருக்கிறான் என்று கேட்டால்? ஆகவே போக்கஸ் சாமானில்தான் — சைக்கிள், மீன்கூடை, குடை. படத்தில் சென்ரி விழாமல் வலப்பக்கத்தையும் தவிர்த்துவிடுவேன்.

இப்போது அவள் முகம் ஒன்று வேணும், தகரம் முழுக்கத் தேடவேண்டும்.

10.12

இல்லை.

14.12

இருக்கிறாள். நடுவில் குடை திருத்தும் நிஸ்தார், காத்தான்குடி ஆள். விரித்த குடையின் கம்பியெல்லாம் தெளிவு. 'என்ட மூஞ்சையும் சேத்து எடுங்க' என்று நிற்பவன் அவன் ஒருத்தன்தான், அதனால் அவன் முகமும் தெளிவு. அவனுக்குப் பின்னால், பீடாக்கடை வினாயகமூர்த்திக்கும் மூட்டை தூக்கும் கோணாமலைக்கும் இடையில், பையை இடுப்பில் அணைத்தபடி ஒரு பொம்பிளை. முகம் வெறும் புகை. ஆனால் ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்கிற அந்த நிலை — அவள்தான்.

எப்பிடி நான் காணாமல் விட்டன்?

17.12

ஸ்ரூடியோக்கார லக்ஷன் கம்பியூட்டரில் முகத்தைக் கூர்மையாக்கிப் பார்த்தான். வேறு யாரோ வந்து நின்றாள்.

"ஐயா, வேற ஒரு அம்மாட கண்ணையும் மூக்கையும் வெட்டி வைப்பமா? ஆருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும்தானே மனே என்றேன். அவளை மட்டும் வெட்டிப் பெருப்பித்தாலும் ஒரு நிழல்தான். ஆட்களுக்கு நடுவில், தூரத்தில் நின்றால்தான் அவள். முழுப் படத்தையே அடிக்கச் சொன்னேன்.

19.12

நிஸ்தார் இன்னும் அதே இடத்தில்தான். படத்தைக் கண்டதும், அக்காதானே, சந்தைக்கு வந்தா இதிலதான் நிப்பா என்றான். எனக்குத் தெரியாதே என்றேன். சிரித்தான்.

"நீங்க கமராவோட வெளிய வந்தா, பாத்துக்கிட்டே நிப்பா. 'சொல்லாதீங்க தம்பி, கண்டா என்ட பக்கம் திரும்பிருவார், படம் பழுதாப்போகும்' என்டுவா."

சோறு காய்ச்சவில்லை. மனமில்லை.

21.12

தகரத்தைத் திரும்பக் கொட்டினேன். மீன்கூடைக்குப் பின்னால். சைக்கிளுக்குப் பின்னால். எங்கே போக்கஸ் இல்லையோ அங்கே.

இவ்வளவு காலமும் அங்கதான் நிண்டிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே புள்ள.

26.12

நாவலடியில் விளக்கேற்றிவிட்டு வந்து படத்தை மாட்டி மாலை போட்டேன். பின்னேரம் நிஸ்தார் ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தோடு வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன அண்ணன், எனக்கு மாலை போட்டிரிக்கீங்க? நான் இன்னும் மவுத்தாகல்லியே."

பார்த்தால் சரிதான். நடுவில் தெளிவாக இருப்பது அவன். பூவெல்லாம் அவனைச் சுற்றித்தான். வருகிற ஆள் செத்தது குடைக்காரன் என்றுதான் நினைப்பான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் இன்னும் சிரித்தான்.

ஆணியைத் தள்ளி அடித்து மாலையை ஒரு பக்கமாகத் தொங்கவிட்டோம். இப்போது அது பின்னால் நிற்கிற மூன்று பேருக்கும். வினாயகமூர்த்தியையும் கடல்தான் கொண்டுபோனது. கோணாமலை சண்டைக் காலத்தில் வேலைக்கென்று போனவர், திரும்பி வரவே இல்லை. நடுவில் என்ட சீதேவிப்பிள்ளை.

போகும்போது, நாளைக்கும் வரட்டா என்று கேட்டான். வா என்றேன். படத்துக்குள் இருக்கிறவர்களில் வந்து கதவைத் தட்ட மிஞ்சியிருப்பது நிஸ்தார் ஒருத்தன்தான்.